பஞ்சு வரியும் வெங்காயத் தடையும்: வணிகக் கொள்கை யார் மேசையில் எழுதப்படுகிறது?

கேள்வி: பருத்தி இறக்குமதிக்கு வரி போட்டால் நூற்பாலைக்காரர்கள் கொதிக்கிறார்கள், எடுத்தால் விவசாயிகள் தெருவுக்கு வருகிறார்கள். வெங்காய ஏற்றுமதிக்கு ஒரே இரவில் தடை வருகிறது, தேர்தல் நெருங்கினால் விலகுகிறது. இதையெல்லாம் யார், எந்தக் கணக்கை வைத்து முடிவு செய்கிறார்கள்? நாட்டுக்கு எது நல்லது என்று சொல்லும் பொருளாதார நிபுணர்களின் பேச்சுக்கு மதிப்பே இல்லையா?

பதில்:

நிபுணர்கள் இருக்கிறார்கள், கணக்குப் போட்டும் கொடுக்கிறார்கள். ஆனால் வணிகக் கொள்கையில் "நாட்டுக்கு நல்லது" என்று ஒரே ஒரு விடை வருவதில்லை. ஒரு வரி ஏறினாலும் இறங்கினாலும் நாட்டுக்குள்ளேயே ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் பணம் போகிறது. வெளிநாட்டோடு பேரம் என்று செய்தியில் படிப்பதில் பெரும்பகுதி, உள்ளூரில் அதற்கு முன்பே நடந்து முடிந்த இழுபறியின் விளைவு. அந்த இழுபறியில் யார் ஜெயிப்பார்கள் என்பது, யார் ஒன்று திரண்டிருக்கிறார்கள், முடிவு எந்த மேசையில் எடுக்கப்படுகிறது என்ற இரண்டையும் பொறுத்தது. நீங்கள் பருத்தியில் தொடங்கியதால் நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன். வணிக அரசியலைப் புரிந்துகொள்ள இந்தியாவில் அதைவிடத் தெளிவான சரக்கு கிடையாது.

பருத்தி விவசாயி, பருத்தியிலிருந்து விதையைப் பிரித்துப் பஞ்சாக்கும் ஜின்னிங் ஆலை, நூற்பாலை, நிட்டிங், சாயம், கட்டிங், தையல், கடைசியில் பனியனாக ஏற்றுமதி. இந்த வரிசையில் ஒருவர் விற்கும் சரக்குதான் அடுத்தவருக்கு மூலப்பொருள். அதனால் ஒருவருக்கு நல்ல விலை என்றால் அடுத்தவருக்கு அது செலவு. பஞ்சு வெளியே போகக்கூடாது என்று நூற்பாலை கேட்கும். நூல் வெளியே போகக்கூடாது என்று பனியன் கம்பெனி கேட்கும். அதே நூற்பாலை, நூல் ஏற்றுமதிக்குத் தடை என்ற பேச்சு வந்தால் சுதந்திர வணிகத்தின் அருமையைப் பற்றி நீண்ட மனு எழுதும். இதில் போலித்தனம் எதுவும் இல்லை. தன் தொழில் நிற்கும் இடத்திலிருந்து ஒவ்வொருவரும் சரியாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் இவர்களில் எவருடைய மனுவும் நாட்டின் கணக்கு ஆகாது.

இடமும் இதில் கலந்திருக்கிறது. பருத்தி அதிகம் விளைவது குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா மாநிலங்களில். நாட்டின் நூற்பாலைகளில் பெரும் பகுதி தமிழ்நாட்டில். பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூர் ஒரே ஊரிலிருந்து. தமிழ்நாட்டு மில் ஒன்றுக்குக் குஜராத்திலிருந்து லாரியில் வரும் பஞ்சைவிடத் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுப் பஞ்சு பக்கம். அதனால் கோயம்புத்தூரில் இறக்குமதி வரி என்றால் மூலப்பொருள் செலவு. குஜராத்தின் ராஜ்கோட்டிலோ மகாராஷ்டிரத்தின் அகோலாவிலோ அதே வரி விளைந்த பருத்திக்குக் காவல். ஒரே வரிக்கு மாநிலத்துக்கு மாநிலம் பொருள் மாறுகிறது. அப்புறம் எப்படி ஒருமித்த தேசிய நிலைப்பாடு வரும்?

எவ்வளவு பணம் என்று பார்த்தால் அரசியல் இன்னும் புரியும். 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் பருத்தி இறக்குமதிக்கு 5 சதவீத அடிப்படைச் சுங்க வரியும், 5 சதவீத வேளாண் உள்கட்டமைப்பு வரியும் விதித்தார்கள். மேல்வரியும் சேர்ந்தால் மொத்தம் 11 சதவீதம். பஞ்சு ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோ ஏறத்தாழ 168 ரூபாய். ஒரு டி-சர்ட்டுக்கு கழிவெல்லாம் சேர்த்துக் கால் கிலோ பஞ்சு என்றால் 42 ரூபாய். அதில் 11 சதவீதம் ஐந்து ரூபாய்க்கும் குறைவு. கடையில் 300 ரூபாய்க்கு வாங்குகிறவர் கவனிக்கக்கூட மாட்டார். இனி மாதம் 1,000 பேல் ஓட்டும் ஒரு மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். பேலுக்கு 170 கிலோ. மாதம் ஏறத்தாழ 2 கோடியே 86 லட்சம் ரூபாய்ப் பஞ்சு. எல்லாமே வெளிநாட்டுச் சரக்கு என்றால் வரி மட்டும் மாதம் 31 லட்சம். உள்நாட்டுச் சரக்கையே வாங்கினாலும், இறக்குமதி விலை ஏறினால் உள்நாட்டு விலையும் அதன் பின்னாலேயே ஏறும். ஐந்து ரூபாய்க்காக யாரும் டெல்லிக்கு ரயில் ஏறமாட்டார்கள். மாதம் 31 லட்சத்துக்கு ஒரு சங்கம் அமைத்து, அலுவலகம் போட்டு, வழக்கறிஞரையும் கணக்காளரையும் வைத்து, மாதம் இரண்டு முறை அமைச்சகப் படி ஏறுவார்கள். 1933-லிருந்து இயங்கும் தென்னிந்திய மில்கள் சங்கமும் 1990-ல் உருவான திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் இப்படித்தான் வலுப்பெற்றன. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. தன் தொழிலைப் பற்றி அரசுக்கு எடுத்துச் சொல்ல ஒரு தொழிலுக்கு உரிமை உண்டு. அங்கே வராதவர்களின் கணக்கையும் மேசைமேல் வைக்க ஒருவர் வேண்டும் என்பதுதான் என் கவலை.

விவசாயிகளின் நிலை வேறு மாதிரி. இந்தியாவில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் பருத்தி போடுகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் சில ஏக்கர். மனு எழுதும் அமைப்பு பலவீனம், ஆனால் வாக்கு பலம் பெரிது. அதனால் அவர்களுடைய குரல் அமைச்சகக் கூட்டங்களில் மெலிதாகவும், மாநில அரசுகள், கட்சிகள் வழியாகச் சத்தமாகவும் கேட்கும். 2012 மார்ச்சில் நடந்ததே இதற்கு நல்ல சாட்சி. அந்த ஆண்டு சீனா பஞ்சை அள்ளி அள்ளி வாங்கி இருப்பு வைத்துக்கொண்டிருந்தது. எதிர்பார்த்ததைவிட அதிகம் ஏற்றுமதியாகிவிட்டது, உள்நாட்டு மில்களுக்குத் தட்டுப்பாடு வரும் என்ற பயத்தில் மார்ச் 5-ம் தேதி வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் பருத்தி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. வேளாண் அமைச்சர் சரத் பவார், தனக்கே தெரியாமல் முடிவெடுத்துவிட்டார்கள் என்று வெளிப்படையாகப் பேசினார். பிரதமர் மன்மோகன் சிங்கிடமும் முறையிட்டார். குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோடியும் கடுமையாக எதிர்த்தார். அந்த ஆண்டு இறுதியில் குஜராத்தில் தேர்தல். ஒரே வாரத்தில் தடை தளர்ந்தது. அந்த ஒரு வாரத்தில் பருத்தி விளைச்சல் பற்றிய புள்ளிவிவரம் எதுவும் மாறவில்லை. முடிவு வணிக அமைச்சக மேசையிலிருந்து அமைச்சர்கள் குழு மேசைக்கு நகர்ந்தது. அங்கே விவசாயிக்கும் ஒரு ஆள் இருந்தார். மாறியது அவ்வளவுதான்.

அதற்கு முன் 2010 டிசம்பரில் நூலுக்கு இதே மாதிரி நடந்தது. நூல் விலை ஏறி பின்னலாடைக்காரர்கள் தவித்தபோது, அந்த ஆண்டின் நூல் ஏற்றுமதிக்கு 72 கோடி கிலோ என்று உச்சவரம்பு வைத்தார்கள். இந்தச் சுற்றில் ஆடைத் துறைக்கு வெற்றி, மில்களுக்குத் தோல்வி. சில மாதங்களில் நூல் தேங்கி மில்கள் திணறியதும் கட்டுப்பாடு விலகியது. ஆட்சி மாறினாலும் இந்தப் பாணி மாறவில்லை. காங்கிரஸ், பா.ஜ.க. என்று பிரித்துப் பார்த்துப் பயனில்லை.

2022-ஐ நினைத்துப் பாருங்கள். மே மாதம் பஞ்சு கண்டி ஒரு லட்சம் ரூபாய்; முந்தைய ஆண்டில் இருந்ததைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. நூல் விலையைக் கட்டுப்படுத்தக் கோரி மே 16, 17 தேதிகளில் திருப்பூரில் வேலைநிறுத்தம் நடந்தது. தமிழ்நாடு முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன்பே, ஏப்ரல் 14-லிருந்து இறக்குமதி வரியை நீக்கியிருந்தார்கள். முதலில் செப்டம்பர் 30 வரை, பிறகு அக்டோபர் 31 வரை. விவசாயிகளிடமிருந்து அப்போது பெரிய எதிர்ப்பு எழவில்லை. ஏன் தெரியுமா? குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 6,025 ரூபாய் இருக்க, சந்தையில் 10,000-க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. வரி இருந்தாலும் போனாலும் அவர்களுக்கு உடனடி நட்டம் இல்லை.

2025-ல் அதே வரி நீக்கம் தீயாகப் பற்றியது. அமெரிக்கா இந்தியச் சரக்குகள்மேல் ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதமும், ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சதவீதமும் போட்டது. திருப்பூரின் ஏற்றுமதி 2024-25-ல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்; அதில் பெரும் பங்கு அமெரிக்காவுக்கு. ஆர்டர்கள் நின்றன, பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள். ஆகஸ்ட் 7 அன்றே டெல்லியில் எம்.எஸ். சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டில் பிரதமர், விவசாயிகள், மீனவர்கள், கால்நடை வளர்ப்போர் நலனில் சமரசமே இல்லை, அதற்காகத் தனிப்பட்ட முறையில் பெரிய விலை கொடுக்கவும் தயார் என்று பேசினார். ஆகஸ்ட் 19-ல் பருத்தியின் 11 சதவீத வரி நீங்கியது, செப்டம்பர் 30 வரை என்று. ஆகஸ்ட் 28-ல் அதை டிசம்பர் 31 வரை நீட்டினார்கள்.

இந்தத் தேதிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். செப்டம்பர் 30 வரை என்றால் விவசாயிக்குப் பெரிய பாதிப்பு இல்லை. புதுப் பருத்தி சந்தைக்கு வருவதே அக்டோபரிலிருந்துதான். ஆனால் டிசம்பர் 31 வரை என்றால், விளைச்சல் வண்டி வண்டியாக யார்டுக்கு வந்து இறங்கும் நாட்களில் வரியில்லாத வெளிநாட்டுப் பஞ்சும் துறைமுகத்தில் இறங்கும். சந்தை விலையோ ஆதரவு விலைக்குக் கீழே. முந்தைய பருவத்திலேயே, ஆதரவு விலைக்கு வாங்கும் அரசு நிறுவனமான இந்தியப் பருத்திக் கழகம் ஏறத்தாழ 100 லட்சம் பேல் வாங்கிக் குவிக்க வேண்டியிருந்தது. ஜூனில் விதைக்கும்போது விவசாயி 11 சதவீத வரி இருக்கும் என்று நினைத்துத்தான் விதைத்தார். பயிர் நிலத்தில் நிற்கும்போது விதி மாறியது. நூற்பாலைக்கும் ஆடைத் துறைக்கும் அந்த நிவாரணம் தேவைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அமெரிக்க வரியின் அடியை ஆடைத் துறை தாங்கிக்கொண்டிருந்தது. அந்த அடியில் ஒரு பங்கை, யாரிடமும் கேட்காமல், மகாராஷ்டிரத்தின் விதர்பா விவசாயியின் தோளுக்கு மாற்றிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஏற்க முடியாதது. வட்டிச் சலுகை, வரிக் கழிவு என்று அரசு தன் பணத்திலிருந்து கொடுத்திருக்கக்கூடிய நிவாரணம் அது. ஆனால் பட்ஜெட்டில் காட்ட வேண்டிய செலவைவிடச் சுங்க அறிவிப்பு சுலபம். செலவு எந்தக் கணக்கிலும் ஏறாது.

இனி வெங்காயம். பாடப்புத்தகக் கோட்பாடு என்ன சொல்கிறது என்றால், உற்பத்தியாளர் ஒன்று திரள்வார், நுகர்வோர் சிதறிக் கிடப்பார், எனவே கொள்கை உற்பத்தியாளர் பக்கமே சாயும் என்று. ஆடைக்கு அது சரி. உணவுப் பொருளில் இந்தியா இந்தக் கோட்பாட்டைத் தலைகீழாக்குகிறது. வெங்காய விலை ஏறினால் அது ஒரே மாதத்தில் ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் தெரிகிறது. 1998 டெல்லி தேர்தல் தோல்வியில் வெங்காயத்துக்கு இருந்த பங்கை எந்தக் கட்சியும் மறக்கவில்லை. அதனால் சங்கமே இல்லாத நகரத்து நுகர்வோர், சங்கம் வைத்திருக்கும் விவசாயியைவிட வலுவாகிவிடுகிறார்.

2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி. டிசம்பர் 8-ல் முழுத் தடை. நாசிக் பகுதியின் லாசல்காவ் சந்தையில் ஏலம் நிற்கும் அளவுக்கு எதிர்ப்பு. அப்படியும் தடை நகரவில்லை. நாடாளுமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்த 2024 ஏப்ரலில், குஜராத்தின் வெள்ளை வெங்காயம் 2,000 டன் மட்டும் ஏற்றுமதி செய்யலாம் என்று அனுமதி வந்ததும் மகாராஷ்டிரத்தில் கோபம் இரட்டிப்பானது. மே 4-ல் தடையை நீக்கினார்கள். பதிலுக்கு ஒரு குறைந்தபட்ச விலையையும் 40 சதவீத வரியையும் வைத்தார்கள். நாசிக் பகுதியில் வாக்குப்பதிவு மே 20. அங்குள்ள திண்டோரி தொகுதியில் பா.ஜ.க.வின் ஒன்றிய இணை அமைச்சரே தோற்றார், நாசிக்கும் ஆளும் கூட்டணியின் கையைவிட்டுப் போனது. அந்த ஆண்டு நவம்பரில் மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தல் இருந்தது. செப்டம்பரில் குறைந்தபட்ச ஏற்றுமதி விலையை எடுத்து, வரியையும் 20 சதவீதமாகக் குறைத்தார்கள். 2025 ஏப்ரல் 1-லிருந்து வரியே இல்லை. பயிரின் நாட்காட்டியோடு சேர்த்துத் தேர்தல் நாட்காட்டியையும் வைத்துப் படித்தால்தான் இந்தத் தேதிகள் பொருள்படும். இதில் வாங்கும் பக்கத்து நாட்டின் நிலையையும் சொல்ல வேண்டும். இந்திய வெங்காயத்தை நம்பியிருக்கும் வங்கதேசமும் இலங்கையும் ஒவ்வொரு முறையும் திடீரென வேறு ஊரில் சரக்குத் தேட வேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று முறை இப்படி ஆனபின் அவர்கள் நிரந்தரமாக வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். தடை விலகும், போன வாடிக்கையாளர் திரும்ப வருவதில்லை.

எந்த மேசை என்பதற்கு வருகிறேன். இந்தியாவில் சுங்க வரியைச் சட்டம்தான் நிர்ணயிக்கிறது, ஆனால் பொதுநலன் கருதி விலக்கு அளிக்க 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 25-ம் பிரிவு ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அரசிதழில் ஒரு அறிவிப்பு போதும். ஏற்றுமதித் தடைக்கு 1992-ம் ஆண்டு வெளிநாட்டு வர்த்தகச் சட்டம். அதற்கும் இயக்குநரகத்தின் அறிவிப்பு போதும். உலக வர்த்தக அமைப்பில் இந்தியா ஒப்புக்கொண்ட உச்ச வரி சராசரியாக 50 சதவீதத்தை ஒட்டியது. நடைமுறையில் இருக்கும் சராசரி அதில் பாதிக்கும் குறைவு. நடுவில் உள்ள அகலமான இடைவெளிக்குள் வரியை ஏற்றினாலும் இறக்கினாலும் ஜெனீவாவில் இருக்கும் அந்த அமைப்பில் யாரும் கேட்க முடியாது. நாடாளுமன்றத்தில் விவாதமும் தேவையில்லை. வெளிநாட்டு ஒப்பந்தங்களுக்குக்கூட நாடாளுமன்ற ஒப்புதல் நம் நாட்டில் கட்டாயம் இல்லை. வெளிநாட்டு வணிகம் ஒன்றியப் பட்டியலில், விவசாயம் மாநிலப் பட்டியலில். விவசாயியின் வருமானத்தை மாற்றும் முடிவு டெல்லியில் எடுக்கப்படும். அதன் விளைவுக்குப் பதில் சொல்ல வேண்டியது மாநில அரசு.

நாடாளுமன்றமே எல்லா வரியையும் முடிவு செய்தால் நன்றாக இருக்குமா? அதற்கும் ஒரு பாடம் உண்டு. அமெரிக்க அரசியல் சட்டப்படி வரி விதிக்கும் அதிகாரம் காங்கிரஸ் சபைக்கு. 1929-30-ல் விவசாயிகளுக்கு உதவுவதற்கென்று தொடங்கிய ஒரு வரி மசோதா, ஒவ்வொரு உறுப்பினரும் தன் தொகுதிச் சரக்கைச் சேர்க்கச் சேர்க்க வீங்கிக்கொண்டே போனது. உன் சரக்குக்கு நான் ஓட்டுப் போடுகிறேன், என் சரக்குக்கு நீ போடு என்ற பண்டமாற்றில், ஸ்மூட், ஹாலி என்ற இருவர் பெயரைத் தாங்கிய அந்தச் சட்டம் ஏராளமான பொருள்களின் வரியை உயர்த்தியது. நிபுணர்களைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? 1,028 பொருளாதார அறிஞர்கள் கையெழுத்திட்டு, இதில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று அதிபர் ஹூவரிடம் வேண்டினார்கள். 1930 ஜூன் 17-ல் அவர் கையெழுத்திட்டார். கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் பதிலுக்கு வரி போட்டன. உலக வணிகம் மேலும் சுருங்கியது. அந்த அறிஞர்கள் பின்னால் தொகுதி எதுவும் இல்லை. மசோதாவில் இருந்த ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தொகுதி இருந்தது.

அதற்குப் பிறகு 1934-ல் வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல் முயற்சியில் வந்த சட்டம், பிற நாடுகளோடு பேசி வரியைப் பாதி வரை குறைக்கும் அதிகாரத்தை அதிபருக்குக் கொடுத்தது. மேசை மாறியதும் விளைவு மாறியது. இப்போது வரியைக் குறைத்தால் பதிலுக்கு வெளிநாட்டுச் சந்தை திறக்கும். ஆகவே ஏற்றுமதி செய்யும் தொழில்களும் குரல் கொடுக்க ஒரு காரணம் கிடைத்தது. அடுத்த பல பத்தாண்டுகள் வரி இறங்கிக்கொண்டே வந்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். ஆனால் அதிகாரத்தை ஒருவர் கையில் குவித்தால், குறைக்க மட்டுமே அது பயன்படும் என்று உத்தரவாதம் இல்லை. 1962-ம் ஆண்டின் தேசப் பாதுகாப்பு வரிப் பிரிவும், 1977-ம் ஆண்டின் அவசரகாலச் சட்டமும் ட்ரம்ப் ஆட்சியில் வரியை உயர்த்தும் கருவிகளாயின. காங்கிரஸ் சபை ஓட்டுப் போடாமலே உலகம் முழுவதற்கும் வரிப் பட்டியல் வந்தது.

ஒப்பந்தங்களிலும் உள்ளூர் அரசியல்தான் எல்லை வகுக்கிறது. 2009-ல் ஆசியான் நாடுகளோடு இந்தியா சரக்கு ஒப்பந்தம் போட்டபோது கேரளத்தில் இடதுசாரிகள் அக்டோபர் 2-ல் மாநிலத்தின் வடமுனையிலிருந்து தென்முனை வரை மனிதச் சங்கிலி அமைத்தார்கள். மிளகு, தேயிலை, காப்பி, பாமாயில் ஆகியவை ஒப்பந்தத்தில் தனிப் பட்டியலில் இருந்தன; வரி மெதுவாக, பாதி வழி வரைதான் இறங்கும். மிளகுக்கு 70-லிருந்து 50 சதவீதம், தேயிலைக்கும் காப்பிக்கும் 100-லிருந்து 45. கேரளம், நீலகிரி, குடகு தோட்டங்களின் கவலை அந்த எண்களில் இருக்கிறது. 2019 நவம்பர் 4-ல் பாங்காக்கில் இந்தியா, சீனாவும் ஆசியான் நாடுகளும் சேர்ந்த ஆர்செப் என்ற வணிக ஒப்பந்தத்திலிருந்து விலகியபோது, சீனச் சரக்குப் பற்றிய அச்சத்தோடு பால் கூட்டுறவுகளின் எதிர்ப்பும் பெரிய காரணம். நியூசிலாந்துப் பால் பவுடர் வந்தால் என்ன ஆகும் என்று குஜராத்திலிருந்து எழுந்த குரலுக்குப் பின்னால் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் கோடிக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. பால்காரர்கள் கூட்டுறவாகத் திரண்டிருந்ததால் கேட்டது. பருத்தி விவசாயிக்கு அப்படி ஒரு அமைப்பு இல்லை. இந்த ஒரு வேறுபாடுதான் பாலுக்கும் பஞ்சுக்கும் டெல்லியில் கிடைக்கும் கவனத்தைப் பிரிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆஸ்திரேலியாவோடு 2022-ல் போட்ட ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 51,000 டன், அதாவது 3 லட்சம் பேல் பருத்தி வரியில்லாமல் வரலாம் என்று ஒத்துக்கொண்டபோது பெரிய சத்தமே எழவில்லை. அறிவிப்பில் கொடுத்ததை அடுத்த அறிவிப்பில் எடுத்துவிடலாம். ஒப்பந்தத்தில் எழுதியதை அப்படி எடுக்க முடியாது.

அடுத்த நாட்டின் உள்ளூர் அரசியலைக் குறிபார்த்து அடிப்பதும் இதே துறையின் கலை. 2018-ல் அமெரிக்கா இரும்பு, அலுமினியத்துக்கு வரி போட்டதும், ஐரோப்பா கென்டக்கியின் போர்பன் விஸ்கிக்கும் விஸ்கான்சினின் ஹார்லி டேவிட்சன் பைக்குக்கும் பதில் வரி போட்டது. குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் கென்டக்கிக்காரர், கீழவைத் தலைவர் விஸ்கான்சின்காரர். அந்தச் சரக்குகள் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. இந்தியா 2019 ஜூனில் கலிபோர்னியாவின் பாதாம், வாஷிங்டன் மாநிலத்து ஆப்பிள், அக்ரூட் உட்பட 28 பொருள்களுக்குக் கூடுதல் வரி போட்டது. ஆப்பிளுக்கு 50 சதவீதம் 70 ஆனது. இமாச்சல், காஷ்மீர் ஆப்பிள் விவசாயிகளுக்கு எதிர்பாராத காவல் கிடைத்தது. 2023-ல் இரு நாடுகளும் சமாதானமாகி அந்த 20 சதவீதத்தை எடுத்தபோது இமாச்சலத்தில் எதிர்ப்பு. அமெரிக்க அரசுக்குப் பதிலடியாகப் போட்ட வரிதான், ஆனால் நான்கு ஆண்டுகளில் சிம்லா மலைத் தோட்டங்கள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டுவிட்டன. ஒரு வரி போட்டால் அதைச் சார்ந்து வாழ ஆள் உருவாகிவிடுவார். அதனால்தான் போடுவதைவிட எடுப்பது கடினம்.

இதுவரை சொன்னதெல்லாம் வரியும் தடையும். இன்னொரு வழி இருக்கிறது, செய்தியில் அதிகம் வராதது: தரக் கட்டுப்பாட்டு ஆணை. பாலியஸ்டர், விஸ்கோஸ் இழைகளுக்கு 2023-ல் இந்தியத் தரச் சான்று கட்டாயம் என்று ஆணை அமலுக்கு வந்தது. வெளிநாட்டு ஆலை சான்று வாங்காவிட்டால் சரக்கு உள்ளே வராது. உள்நாட்டில் இழை செய்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய நிறுவனங்கள். அதை வாங்குகிறவர்கள் ஆயிரக்கணக்கான சிறு, நடுத்தர மில்கள். பெயர் தரம், வேலை வரியின் வேலை. வாங்குகிறவர்கள் இரண்டு ஆண்டுக்கு மேல் கதறி, அமெரிக்க வரி வந்து கழுத்தை நெரித்தபின், 2025 நவம்பரில்தான் அந்த ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. சிலர் கையில் குவிந்த லாபம், பலர் தலையில் பரவிய நட்டம் என்ற பழைய கணக்கு இதைவிடச் சுத்தமாக எங்கும் வெளிப்பட்டு நான் பார்த்ததில்லை.

திருப்பூருக்குள்ளேயே கூட எல்லோரும் ஒரே குரல் அல்ல. பையரோடு நேரடியாகப் பேசும் ஏற்றுமதி நிறுவனத்துக்குச் சங்கம் உண்டு, டெல்லியில் முகம் உண்டு. பத்துப் பன்னிரண்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் பவர் டேபிள்காரருக்கு நூல் என்ன விலை என்பதே அடுத்தவர் முடிவு. ஆர்டர் குறைந்தால் முதலில் வெறுமையாவது அவருடைய ஷெட். அங்கே பீஸ் ரேட்டுக்குத் தைக்கும், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளிக்கு வாக்கும் இந்த ஊரில் இல்லை. சங்கமும் இல்லாமல், வாக்கும் இல்லாமல் இந்த வரிசையில் நிற்பவர் அவர் ஒருவர்தான். எந்த நிவாரண அறிவிப்பிலும் அவரை நோக்கி எழுதிய ஒரு வாக்கியத்தை நான் கண்டதில்லை.

செய்ய முடிந்த திருத்தம் ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். இழுபறியை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் கூடாது, மேசையை மாற்றலாம். பருத்தி இறக்குமதி வரி அந்தப் பருவம் முழுக்க என்ன என்பதை மே மாதத்துக்குள், விதைப்புக்கு முன், அறிவித்துவிட்டால் விவசாயி அதைத் தெரிந்து விதைப்பார், மில் அதைத் தெரிந்து பஞ்சு வாங்கும். ஆதரவு விலையை ஒவ்வொரு ஆண்டும் விதைப்புக் காலத்தை ஒட்டி அறிவிக்க முடிகிறது என்றால் வரியையும் அதே நாளில் அறிவிக்க முடியும். இடையில் மாற்ற வேண்டிய நெருக்கடி வந்தால், யார் கேட்டார்கள், யாருக்கு எவ்வளவு நட்டம் என்று அரசு எண்ணியது, அந்த நட்டத்தை எப்படி ஈடுகட்டப் போகிறது என்று அறிவிப்போடு இரண்டு பக்கம் எழுதி நாடாளுமன்றக் குழுவிடம் வைக்கட்டும். 2025 ஆகஸ்டில் அப்படி இரண்டு பக்கம் எழுத வேண்டியிருந்தால், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பருத்தி விற்கப்போகிறவர்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு யாராவது ஒரு அதிகாரி விடை எழுதியே ஆக வேண்டும்.